கல் எங்கே பிளக்கிறது? வன்னி மண்ணை வைத்துக் கனியங்களின் பளிங்குக் கட்டமைப்பையும் பிணைப்பையும் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆனையிறவுக் கல்லுப்பில் பெரிய துண்டு ஒன்றை எடுத்து, அதன் தட்டையான முகம் ஒன்றுக்குச் சமாந்தரமாகச் சிறு கத்தியின் விளிம்பை வைத்து, கத்தியின் முதுகில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டுங்கள். உப்பு கண்டபடி நொறுங்காது. கண்ணாடி போன்ற இன்னொரு தட்டை முகத்தைக் காட்டிக்கொண்டு இரண்டாகப் பிரியும். பிரிந்த துண்டை முன்னைய வெட்டுக்குச் செங்குத்தாகத் திருப்பித் தட்டினாலும் அப்படியே பிரியும். மூன்றாவது திசையிலும் அப்படியே. வவுனியாப் பக்கத்துக் கிரவல் ஒழுங்கையில் கிடக்கும் வெள்ளைக்கல் ஒன்றைச் சுத்தியலால் அடித்துப் பாருங்கள். அது எந்தத் திசையிலும் தட்டையாகப் பிளக்காமல், சிப்பியின் உட்புறம் போல வளைந்த முகங்களுடன் சிதறும்.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு வேறுபாட்டின் மேலே கட்டப்பட்டது. ஒரு கனியம் எங்கே பிளக்கிறது, எதைக் கீறுகிறது, எவ்வளவு கனக்கிறது, தண்ணீரில் என்ன செய்கிறது என்பவை எல்லாம், அதன் அணுக்கள் எந்த ஒழுங்கில் அடுக்கப்பட்டு எந்தப் பிணைப்பால் கட்டப்பட்டிருக்கின்றன என்பதன் வெளித்தோற்றமே. பாடப்புத்தகத்தில் பிணைப்பு ஓர் அத்தியாயம், கனியங்கள் வேறோர் அத்தியாயம். கையில் கல்லை வைத்திருப்பவருக்கு அவை இரண்டல்ல.

நான் கிளிநொச்சியில் உயர்தர மாணவருக்கு இரசாயனவியல் படிப்பிப்பவன். 2010இல் மீளக்குடியமர்ந்து வகுப்புகளைத் தொடங்கியபோது எங்களுக்கு ஆய்வுகூடம் இருக்கவில்லை. கூரையும் கரும்பலகையும் இருந்தன. அப்போது மாணவர்கள் தங்கள் ஊர்களிலிருந்து கொண்டுவந்த உப்பும் மண்ணும் கல்லும்தான் ஆய்வுகூடமாயின. கீழே உள்ள படிகள் அந்தப் பழக்கத்தில் உருவானவை.

சொற்கள் பற்றி ஒரு குறிப்பு. இங்கே பளிங்கு என்பது தரையில் பதிக்கும் பளிங்குக்கல் அல்ல. அணுக்கள் முப்பரிமாணத்திலும் ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்ட திண்மம். தமிழ்நாட்டு வாசகர்கள் அதைப் படிகம் என்பார்கள். அவர்களுடைய எலக்ட்ரான் எங்களுக்கு இலத்திரன், கார்பனேட் எங்களுக்குக் காபனேற்று.

முதலாம் படி: மாதிரிகளையும் கருவிகளையும் சேர்த்தல்

ஏழு மாதிரிகள் போதும். ஆனையிறவு அல்லது மன்னார் உப்பளத்துக் கல்லுப்பு, வவுனியாவின் கருங்கல் குவாரி ஒன்றில் உடைத்த சல்லி, வெள்ளைக்கல், முருங்கனின் கறுப்பு வயல்மண், கிளிநொச்சிச் செம்மண், மன்னார்க் கரையோரச் சுண்ணக்கல் ஒரு துண்டு, கொக்கிளாய்க் கடற்கரையின் கறுப்பு மணல் இரண்டு தேக்கரண்டி. கருவிகளாகப் பத்து மடங்கு பெருப்பிக்கும் கைவில்லை, இரும்பாணி, உடைந்த கண்ணாடித் துண்டு, பழைய கணினி வன்தட்டிலிருந்து கழற்றிய காந்தம், விநாகிரி, 100 மில்லிலீற்றர் அளவுச்சாடிகள் மூன்று, சமையலறைத் தராசு ஆகியன வேண்டும்.

மாதிரி எடுக்கும் இடத்தைப் பற்றி மாணவரிடம் நான் ஒருபோதும் சொல்லாமல் விடுவதில்லை. வன்னியில் வெடிபொருள் இன்னும் அகற்றி முடிக்கப்படாத காணிகள் உண்டு. மண்டையோட்டுப் பலகை நிற்கும் இடத்துக்கு மட்டுமல்ல, ஆள் நடமாட்டமில்லாத பற்றைக்காட்டுக்கும் கல் பொறுக்கப் போக வேண்டாம். வீதியோரமும் வயல்வரம்பும் குவாரி வாசலும் போதுமானவை. கல் உடைக்கும்போது துண்டைச் சாக்கினால் மூடி, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து உடையுங்கள்.

இரண்டாம் படி: உப்பிலிருந்து அலகுக் கலத்துக்கு

உப்பிலிருந்து தொடங்குவதற்கு நல்ல காரணம் உண்டு. ஊடுகதிர்கள் (எக்ஸ்-கதிர்கள்) பளிங்குகளில் கோணல்படுகின்றன, அதாவது அணு அடுக்குகளால் குறித்த திசைகளில் சிதறுகின்றன என்று 1912இல் மக்ஸ் வொன் லவுவேயின் குழு காட்டியது. அதற்கு அடுத்த ஆண்டே வில்லியம் லோறன்ஸ் பிராக் அந்தக் கதிர்களைக் கொண்டு முதன்முதலில் கட்டமைப்பை வாசித்த பளிங்குகளில் ஒன்று உப்பு. தந்தையுடன் சேர்ந்து 1915இல் நோபல் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 25. உப்புக்குள் சோடியமும் குளோரினும் சோடிசோடியாக, மூலக்கூறுகளாக இருக்கவில்லை என்பதை அந்த வேலை காட்டியது, அக்கால இரசாயனவியலாளர் சிலருக்கு ஏற்றுக்கொள்ளவே கடினமாக இருந்தது. அயன் என்பது மின்னேற்றம் பெற்ற அணு அல்லது அணுக்கூட்டம்; உப்புக் கல்லில் எந்தச் சோடியம் அயனுக்கும் தனக்கென்று ஒரு குளோரைட்டு அயன் இல்லை. ஒவ்வொன்றையும் மற்றையதில் ஆறு சூழ்ந்திருக்கின்றன: முன், பின், இடம், வலம், மேல், கீழ்.

முதலில் பளிங்கை வளருங்கள். கொதிநீரில் இனிக் கரையாது என்னும் அளவுக்கு உப்பைக் கரைத்து, துணியில் வடித்து, அகன்ற பீங்கானில் ஊற்றி, காற்று மோதாத நிழலில் வையுங்கள். சோளகக் காலத்தில் மூன்று நான்கு நாளில் அடியில் சிறு சதுரங்கள் தெரியும். வெயிலில் வைத்த பீங்கானில் விரைவாக வளர்ந்தவற்றைக் கைவில்லையால் பார்த்தால், முகங்களின் நடு குழிந்து, விளிம்புகள் படிக்கட்டுப் போல உயர்ந்திருக்கக் காண்பீர்கள். விளிம்புக்கும் மூலைக்கும் கரைசலிலிருந்து அயன்கள் எளிதில் வந்து சேர்வதால் அவை முந்தி வளர்கின்றன, நடுப்பகுதி பின்தங்குகிறது. உப்பளத்தில் வாரிய கல்லுப்பிலும் இதே குழிந்த வடிவத்தைக் காணலாம். வேகம் வடிவத்தை மாற்றும். முகங்களுக்கு இடையிலான 90 பாகையை மாற்றாது. ஒரே கனியத்தின் ஒத்த முகங்களுக்கு இடைப்பட்ட கோணம் பளிங்கின் பருமனைப் பொறுத்து மாறுவதில்லை என்று நிக்கொலஸ் ஸ்ரெனோ 1669இலேயே கண்டிருந்தார்.

உப்பளத்துத் தொழிலாளர் கடல்நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றிக்கொண்டே போவதற்குப் பின்னாலும் பிணைப்பு உண்டு. கடல்நீர் வற்றும்போது முதலில் கல்சியம் காபனேற்று படிகிறது, பிறகு ஜிப்சம், அதன் பின்னரே உப்பு. மகனீசிய உப்புகள் கடைசிவரை கரைசலிலேயே நின்று, வெளியே விடும் கசப்புநீரில் போகின்றன. இரட்டை ஏற்றமுடைய கல்சியமும் காபனேற்றும் ஒன்றையொன்று பற்றும் வலிமை, தண்ணீர் அவற்றைப் பிரித்து வைத்திருக்கும் வலிமையை விரைவிலேயே வென்றுவிடுகிறது. சோடியத்துக்கும் குளோரைட்டுக்கும் அந்த வெற்றி, தண்ணீர் பெரும்பாலும் வற்றிய பிறகே கிடைக்கிறது.

இனிக் கணக்கு. கட்டமைப்பை மனனம் செய்வதை விட இந்த ஒரு கணக்கைக் கையால் செய்வது மேல் என்பது என் உறுதியான கருத்து. உப்பின் சாலகத்தில், அதாவது அயன்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட வலைப்பின்னலில், மீண்டும் மீண்டும் வரும் மிகச் சிறிய சதுரமுகிப் பெட்டியே அலகுக் கலம். அதன் பக்கம் 0.564 நனோமீற்றர். பெட்டியின் எட்டு மூலைகளிலும் ஆறு முகங்களின் நடுவிலும் குளோரைட்டு அயன்கள் உள்ளன. மூலையிலுள்ளதை எட்டுப் பெட்டிகளும் முகத்திலுள்ளதை இரண்டு பெட்டிகளும் பங்கிடுவதால், ஒரு பெட்டிக்குச் சேர்வது 8 இன் எட்டிலொன்றும் 6 இன் பாதியும், அதாவது நான்கு. சோடியம் அயன்கள் பன்னிரண்டு விளிம்புகளின் நடுவிலும் பெட்டியின் மையத்திலும் உள்ளன. விளிம்பிலுள்ளதை நான்கு பெட்டிகள் பங்கிடுவதால் மூன்றும், மையத்திலுள்ள ஒன்றும் சேர்ந்து மீண்டும் நான்கு. ஆகவே ஒரு பெட்டிக்குள் நான்கு சோடியம் குளோரைட்டு அலகுகள். ஒரு மூலின், அதாவது 6.022 × 10²³ அலகுகளின், திணிவு 58.44 கிராம் என்பதால் நான்கின் திணிவு, 233.76 ஐ 6.022 × 10²³ ஆல் வகுத்தது. அதைப் பெட்டியின் கனவளவான 1.794 × 10⁻²² கன சென்ரிமீற்றரால் வகுத்தால் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 2.16 கிராம் என்று வரும்.

அதை அளந்து பாருங்கள். அளவுச்சாடியில் தண்ணீரை ஊற்றினால் உப்புக் கரைந்துவிடும். அதனால் நிறைவுற்ற உப்புக் கரைசலையே 50 மில்லிலீற்றர் ஊற்றி, உலர்ந்த கல்லுப்பு 50 கிராமை உள்ளே போட்டு, குமிழிகளைத் தட்டி வெளியேற்றி மட்டத்தை வாசியுங்கள். ஏறத்தாழ 23 மில்லிலீற்றர் உயரும். உப்புக்குள் சிறைப்பட்ட நீர்த்துளிகளால் சற்று வேறுபடலாம். கண்ணால் எவரும் காணாத ஒரு பெட்டியின் பக்கநீளம், கிளிநொச்சியின் ஒரு வகுப்பறையில் சமையலறைத் தராசுக்கு ஒத்துப்போகிறது. முதல் தடவை இது ஒத்துவந்தபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்த அமைதி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

உப்பு ஏன் தட்டையாகப் பிளக்கிறது என்பதற்கு விடை இப்போது கையில் இருக்கிறது. அயன் பிணைப்பு என்பது நேரேற்றமும் எதிரேற்றமும் ஒன்றையொன்று எல்லாத் திசையிலும் இழுப்பது. தட்டும்போது ஓர் அடுக்கு அடுத்த அடுக்கின் மேல் ஓர் அயன் அளவுக்கு வழுக்கினால், சோடியத்துக்கு எதிரே சோடியமும் குளோரைட்டுக்கு எதிரே குளோரைட்டும் வந்து நிற்கும். ஒரு கணத்துக்கு முன் இழுத்துக்கொண்டிருந்த இரண்டு தளங்கள் இப்போது தள்ளிக்கொள்கின்றன; கல் பிரிகிறது. செப்புக் கம்பியை அதே சுத்தியலால் அடித்தால் அது தட்டையாகுமே தவிரப் பிரியாது. உலோகத்தில் அணுக்களுக்கிடையே பொதுவாக ஓடித்திரியும் இலத்திரன்கள், எந்த அடுக்கு எங்கே வழுக்கினாலும் அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கின்றன.

மூன்றாம் படி: தோடம்பழமும் தேசிக்காயும்

ஓர் அயனைச் சுற்றி எத்தனை எதிரயன்கள் அடங்கும் என்பதை முதலில் தீர்மானிப்பது பருமன். குளோரைட்டின் ஆரை ஏறத்தாழ 0.181 நனோமீற்றர், சோடியத்தினது 0.102. விகிதம் 0.56. ஏழு சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள தோடம்பழமும் நான்கு சென்ரிமீற்றர் தேசிக்காயும் அதே விகிதம்தான். மேசையில் நான்கு தோடம்பழங்களைச் சதுரமாக வைத்து நடுவில் தேசிக்காயை வைத்து, மேலே ஒன்று கீழே ஒன்று வையுங்கள். தேசிக்காய் ஆறு பழங்களையும் தொட்டுக்கொண்டு நிற்கும், தோடம்பழங்கள் ஒன்றையொன்று சற்றே விலகியிருக்கும். இதுவே எண்முகி. தேசிக்காய்க்குப் பதில் நெல்லிக்காயை வைத்தால் அது நடுவில் ஆடும். அதற்கு நான்கு பழங்களின் நான்முகிக் குழியே பொருந்தும். விகிதம் 0.225 இலிருந்து 0.414 வரை நான்கு, 0.414 இலிருந்து 0.732 வரை ஆறு, அதற்கு மேல் எட்டு என்பது எளிய விதி. அயன்கள் உண்மையில் விறைப்பான உருண்டைகள் அல்ல என்பதால் இந்த விதி பல இடங்களில் தவறும். ஆனால் சிலிக்கன் ஏன் பெரும்பாலும் நான்கு ஒட்சிசனுக்கு நடுவில் ஒடுங்கி இருக்கிறது என்று விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல வாசல் இல்லை.

நான்காம் படி: வெள்ளைக்கல், அதாவது குவாட்சு

எங்கள் பிள்ளைகள் இரவில் இரண்டு வெள்ளைக்கல்லை உரசி வெளிச்சம் காட்டி விளையாடுவார்கள். இருட்டறையில் நீங்களும் உரசிப் பாருங்கள்; கற்களுக்குள்ளேயே மங்கலான செம்மஞ்சள் ஒளி ஒன்று மின்னி மறையும், ஒரு கருகல் மணமும் வரும். தண்ணீருக்குள் உரசினாலும் ஒளி வரும். ஆகவே அது பற்றியெரியும் நெருப்பல்ல. அழுத்தி முறிக்கும்போது குவாட்சுக்குள் ஏற்றங்கள் பிரிவதோடு தொடர்புடையது அந்த ஒளி.

குவாட்சைக் கண்ணாடியில் கீறினால் கண்ணாடியில் கோடு விழும். இரும்பாணியால் குவாட்சைக் கீறினால் ஆணியின் இரும்புதான் கல்லில் தேயும். பிரீட்ரிக் மோஸ் 1812இல் வகுத்த வன்மை அளவில் குவாட்சு 7, உப்பு ஏறத்தாழ 2½. இந்த எண்கள் எது எதைக் கீறும் என்ற வரிசையை மட்டும் சொல்கின்றன. 7 என்பது 3½ இன் இரு மடங்கு என்று பொருளல்ல.

இவ்வளவு வன்மை எங்கிருந்து வருகிறது? மின்னெதிர்த்தன்மை என்பது பிணைப்பிலுள்ள இலத்திரனைத் தன்பால் இழுக்கும் ஆற்றல். சோடியத்துக்கு அது 0.93, குளோரினது 3.16, இடைவெளி பெரியது, அதனால் இலத்திரன் ஏறக்குறைய முழுவதுமாகக் கைமாறிவிடுகிறது. சிலிக்கனுக்கு 1.90, ஒட்சிசனுக்கு 3.44, இங்கே இடைவெளி நடுத்தரம், ஆகவே பிணைப்பு ஏறக்குறையப் பாதி அயன், பாதி பங்கீட்டுவலு. பங்கீட்டுவலு என்றால் இரு அணுக்களும் இலத்திரன்களைப் பகிர்வது; அது உப்பின் இழுவையைப் போலன்றித் திசை உடையது. ஒவ்வொரு சிலிக்கனும் நான்கு ஒட்சிசனை நான்முகியின் நான்கு மூலைகளில் பற்றுகிறது. ஒவ்வொரு ஒட்சிசனும் இரண்டு சிலிக்கனுக்குப் பாலமாகிறது. இப்படி நான்முகிகள் மூலைக்கு மூலை பிணைந்து, சுருள்படிபோல முறுக்கிக்கொண்டு, கல் முழுவதும் ஒரே வலையாகின்றன. அந்த வலையில் எல்லாத் திசையிலும் ஏறத்தாழ ஒரே அளவு வலிய பிணைப்புகளே குறுக்கிடுவதால், பிளப்பதற்கு வசதியான தளம் எதுவும் இல்லை. எனவேதான் அந்தச் சிப்பி முறிவு.

சுருள் வலப்புறமாகவும் முறுக்கலாம், இடப்புறமாகவும் முறுக்கலாம். இயற்கையில் இரண்டு வகைக் குவாட்சும் உண்டு. சூளையில் 573 பாகை செல்சியசைத் தாண்டும்போது அந்த வலை சற்று விரிந்து நேராகிறது. ஆறும்போது மீண்டும் சுருங்குகிறது. களிமண்ணில் மணல் கூடிய பாத்திரம் விரைவாக ஆறவிட்டால் வெடிப்பதற்கு இது ஒரு காரணம்.

ஐந்தாம் படி: குவாரிச் சல்லியில் சிலிக்கேற்றுக் குடும்பம்

வவுனியாச் சல்லித் துண்டு ஒன்றைக் கழுவி, வெயிலில் பிடித்து, கைவில்லையால் மெதுவாகத் திருப்புங்கள். சாம்பல் நிறத்தில், எண்ணெய் பூசியது போல மினுங்கி, தட்டை முகம் காட்டாதவை குவாட்சு. வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்து, திருப்பும்போது ஒரு கோணத்தில் திடீரென்று கண்ணாடிபோல ஒளி தெறிப்பவை பெல்சுபார். அவற்றுக்கு ஏறத்தாழச் செங்கோணத்தில் இரண்டு பிளவுத் தளங்கள் உண்டு. ஊசியால் தொட்டால் ஏடு ஏடாகக் கழரும் கறுப்புப் பொட்டுகள் மைக்கா. பிள்ளைகள் காக்காப்பொன் என்பதும் இதன் ஏடுகளைத்தான். கறுப்பாக நீண்டு, ஏடாகக் கழராதவை பெரும்பாலும் ஓண்பிளெண்டு.

ஒரே நான்முகிதான், ஆனால் எத்தனை மூலைகளைப் பங்கிடுகிறது என்பதில்தான் குணம் இருக்கிறது. எந்த மூலையையும் பங்கிடாமல் தனித்து நிற்கும் நான்முகிகளை உலோக அயன்கள் கட்டினால் கானற்று, சேர்க்கன் என்னும் கனியங்கள். அங்கே ஒரு சிலிக்கனுக்கு நான்கு ஒட்சிசன். சங்கிலியாகக் கோத்தால் ஒன்றுக்கு மூன்று. இரண்டு சங்கிலிகளைப் பக்கவாட்டில் பின்னினால் ஓண்பிளெண்டு. சங்கிலிகளுக்கு ஊடே வெட்டுவது கடினம், இடையே வெட்டுவது எளிது. அதனால் அதன் பிளவுகள் 56, 124 பாகைகளில் சந்திக்கின்றன. மூன்று மூலைகளைப் பங்கிட்டுத் தகடாக விரிந்தால் மைக்கா. நான்கையும் பங்கிட்டால் பெல்சுபாரும் குவாட்சும்.

மைக்காவின் ஒரு தகட்டுக்குள் உள்ள பிணைப்புகள் குவாட்சினது போலவே வலியவை. தகட்டையும் தகட்டையும் சேர்த்துப் பிடிப்பவையோ பெரிய, ஒற்றை ஏற்றமுள்ள பொற்றாசியம் அயன்கள் மட்டுமே. நகம் அந்த மெல்லிய இடத்தைத்தான் கண்டுபிடிக்கிறது. பென்சிலின் காரீயமும் இதே பாடத்தைச் சொல்லும்: அதன் தகட்டுக்குள் காபன் அணுக்கள் 0.142 நனோமீற்றர் தூரத்தில் வலுவாகப் பிணைந்துள்ளன, தகடுகளுக்கிடையே 0.335 நனோமீற்றர், அங்கே மெல்லிய வந்தர்வால்சு விசை மட்டும்.

ஆறாம் படி: முருங்கன் மண் ஏன் வெடிக்கிறது?

இந்தப் படியை நான் கூடுதலாக விரும்புகிறேன், ஏனெனில் இதன் கேள்வி ஒரு மாணவனுடையது. கட்டுக்கரைக் குளத்தின் கீழ் வயல் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. "சேர், கோடையில எங்கட வயல் வெடிச்சா முழங்கை வரைக்கும் கை போகும். மழை பெய்தா ஒரு வெடிப்பும் இருக்காது. கிளிநொச்சிச் செம்மண் ஏன் அப்படிச் செய்யுதில்லை?" என்றான்.

அந்தக் கறுப்பு மண்ணை அப்படி ஆக்குவது மொன்மொரிலனைற்று என்னும் களிக்கனியம். மைக்காவைப் போலவே இதுவும் தகடு: மேலும் கீழும் சிலிக்கன் நான்முகித் தாள், நடுவில் அலுமினியம் எண்முகித் தாள், மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு நனோமீற்றர் தடிப்பு. நடுத்தாளில் அங்கங்கே மூன்று ஏற்றமுள்ள அலுமினியத்தின் இடத்தில் இரண்டு ஏற்றமுள்ள மகனீசியம் உட்கார்ந்திருக்கிறது. அதனால் தகட்டுக்குச் சிறிதளவு எதிரேற்றம் மிஞ்சுகிறது; அதை ஈடுசெய்யத் தகடுகளுக்கிடையே சோடியமும் கல்சியமும் வந்து தங்குகின்றன. மைக்காவில் இந்த ஏற்றம் பெரிது, பொற்றாசியம் தகடுகளை இறுகப் பூட்டிவிடுகிறது. இங்கே ஏற்றம் சிறிது, பிடியும் தளர்ந்தது. மழை பெய்தவுடன் தண்ணீர் மூலக்கூறுகள் அந்த அயன்களைச் சுற்றிக்கொள்ள உள்ளே நுழைகின்றன. ஓர் அடுக்குத் தண்ணீர் நுழைந்தால் தகட்டிலிருந்து தகட்டுக்கு ஏறத்தாழ 1.25 நனோமீற்றர், இரண்டு அடுக்கு நுழைந்தால் 1.5. ஒரு வயலின் ஆழம் முழுவதும் அடுக்கப்பட்ட கோடானுகோடித் தகடுகள் இப்படி விலகினால் நிலமே உப்பும். வற்றினால் நிலமே வெடிக்கும்.

செம்மண்ணின் களியில் பெரும்பங்கு கயோலினைற்று. அதில் ஒரு நான்முகித் தாளும் ஓர் எண்முகித் தாளும் மட்டும், தடிப்பு 0.7 நனோமீற்றர். தகட்டுக்கு மிஞ்சிய ஏற்றம் இல்லை. ஒரு தகட்டின் ஐதரொட்சில்கள் (ஒட்சிசன்–ஐதரசன் சோடிகள்) அடுத்த தகட்டின் ஒட்சிசன்களை ஐதரசன் பிணைப்புகளால் பிடித்துக்கொள்கின்றன. தண்ணீருக்கு வாசல் இல்லை.

செய்து பார்க்க: முருங்கன் மண்ணைக் காயவைத்து இடித்து அரித்து, 10 கிராம் வீதம் இரண்டு அளவுச்சாடிகளில் போடுங்கள். ஒன்றை 100 மில்லிலீற்றர் குறிவரை தண்ணீராலும் மற்றையதை அதே குறிவரை மண்ணெண்ணெயாலும் நிரப்பி, நன்றாகக் கலக்கி, ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள். தண்ணீரில் மண் உப்பி உயர்ந்து நிற்கும். மண்ணெண்ணெயில் போட்டது போட்டபடி கிடக்கும். தண்ணீர் மூலக்கூறுக்கு ஏற்றமுனைகள் உண்டு, அது அயனைச் சுற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெய்க்கு அவை இல்லை. மூன்றாவது சாடியில் செம்மண்ணைத் தண்ணீரில் அதேபோலக் கலக்கிப் பக்கத்தில் வையுங்கள். அந்த மாணவன் தன் கேள்விக்கான விடையை இந்த மூன்று சாடிகளிலிருந்து தானே சொன்னான்.

ஏழாம் படி: சுண்ணக்கல்

இதில் நீண்ட நேரம் செலவிட வேண்டியதில்லை. சுண்ணக்கல்லின் கல்சைற்றில் இரண்டு வகைப் பிணைப்புகள் ஒரே வீட்டில் இருக்கின்றன: காபனும் மூன்று ஒட்சிசனும் தட்டையான முக்கோணமாகப் பங்கீட்டுவலுவால் இறுகியுள்ளன, அந்த முக்கோணத்துக்கும் கல்சியத்துக்கும் இடையே அயன் பிணைப்பு. கல்சைற்றுப் பளிங்கு சாய்ந்த பெட்டியாக, ஏறத்தாழ 75, 105 பாகைகளில் பிளக்கும். விநாகிரி விட்டால் நுரைக்கும். அமிலம் முக்கோணத்தைக் குலைத்துக் காபனீரொட்சைட்டாக வெளியேற்றுகிறது. கிணற்றுத் தண்ணீர் கொதிக்கவைத்த கேத்திலின் அடியில் ஒட்டும் வெள்ளைப் படிவிலும் அதே சோதனையைச் செய்யலாம்.

எட்டாம் படி: கொக்கிளாய்க் கறுப்பு மணல்

கொக்கிளாய்க் களப்புக்குத் தெற்கே திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டை, கனிய மணலுக்குப் பெயர்பெற்றது. அந்த மணல் கரையோரமாக வடக்கேயும் தொடர்கிறது. குவாட்சின் அடர்த்தி 2.65, இரும்பும் தைத்தேனியமும் கொண்ட இல்மனைற்றினதும் சேர்க்கோனியம் கொண்ட சேர்க்கனினதும் ஏறத்தாழ 4.7. அலை இலேசானதை அள்ளிக்கொண்டு போக, கனமானது கரையில் தங்குகிறது.

காந்தத்தை மெல்லிய பொலித்தீன் பையால் சுற்றி மணலின் மேல் மெதுவாக இழுங்கள். கறுப்பு இல்மனைற்று ஒட்டும், சிவப்புக் கானற்றும் ஓரளவு ஒட்டும். ரூட்டைலும் (தைத்தேனியம் ஒட்சைட்டு) சேர்க்கனும் அங்கேயே தங்கும். இல்மனைற்றில் ஒட்சிசன்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டு, இடைக்குழிகளில் ஓர் அடுக்கு இரும்பு, அடுத்த அடுக்கு தைத்தேனியம் என்று மாறிமாறி இருக்கின்றன. இரும்பு அயனில் சோடிசேராத இலத்திரன்கள் உண்டு. அவைதான் காந்தத்துக்கு இசைகின்றன. தைத்தேனியத்தினதும் சேர்க்கோனியத்தினதும் நான்கேற்ற அயன்களில் அப்படிப்பட்ட இலத்திரன் ஒன்றுமில்லை. மணலில் கதிர்வீசும் தோரியம் கொண்ட மொனசைற்று என்னும் கனியமும் சிறிதளவு இருப்பதால், சோதனை முடிந்ததும் கையைக் கழுவி, மணலைப் போத்தலில் மூடி வையுங்கள். வீட்டுக்குள் குவித்து வைக்க வேண்டாம்.

மிஞ்சிய மணலில், கைவில்லையில் நிறமற்று மினுங்கும் சிறு மணிகள் சேர்க்கன். அதன் பளிங்கு உருவாகும்போது சேர்க்கோனியத்தின் இடத்தில் அதே நான்கேற்றமும் ஒத்த பருமனும் உள்ள யுரேனியம் சிறிதளவு புகுந்துவிடும். ஈயத்துக்கு அங்கே இடமில்லை. பின்னர் அந்த மணிக்குள் காணப்படும் ஈயம் ஏறக்குறைய முழுவதும் யுரேனியம் சிதைந்து வந்தது. ஆகவே இரண்டின் அளவையும் ஒப்பிட்டால் மணியின் வயது தெரியும். இலங்கையின் பழம்பாறைகளில் ஒரு பிரிவுக்குப் புவிச்சரிதவியலாளர் வன்னித் தொகுதி என்றே பெயரிட்டிருக்கிறார்கள். அப்பாறைகள் ஏறத்தாழ 60 கோடியிலிருந்து 55 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருமாறியவை என்பதை அறிய உதவியவை இத்தகைய மணிகளே.

ஒன்பதாம் படி: இடம் மாறும் அயன், கறை படிந்த பல்

ஒத்த பருமனுள்ள அயன் மற்றொன்றின் இருக்கையில் உட்காரும் என்பதை, களியின் மகனீசியத்திலும் சேர்க்கனின் யுரேனியத்திலும், இப்போது இரண்டு தடவை பார்த்துவிட்டோம். மூன்றாவது உதாரணம் எங்கள் கிணறுகளில் இருக்கிறது.

ஐதரொட்சில் அயனின் ஆரை 0.137 நனோமீற்றர், புளோரைட்டினது 0.133, இரண்டுக்கும் ஒற்றை எதிரேற்றம். சல்லியில் நாம் பார்த்த கறுப்பு மைக்காவிலும் ஓண்பிளெண்டிலும், அத்துடன் அப்பற்றைற்று என்னும் பொசுபேற்றுக் கனியத்திலும் ஐதரொட்சிலுக்கென்று உள்ள இருக்கைகளில் ஒரு பங்கைப் புளோரைட்டு பிடித்திருக்கிறது. பாறை மெல்ல மெல்ல உக்கும்போது அது நிலத்தடி நீருக்கு வருகிறது. நீரில் கல்சியம் நிறைய இருந்தால் புளோரைட்டை இறுகப் பற்றிக் கல்சியம் புளோரைட்டாகப் படியச் செய்யும்; கல்சியம் குறைந்த நீரில் புளோரைட்டு கரைந்தபடியே கூடும். வவுனியாவின் கிணறுகள் பலவற்றில் இது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு எல்லையான லீற்றருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டுகிறது.

பல்லின் மிளிரியும் (எனாமல்) அதே அப்பற்றைற்றுக் குடும்பம்தான்: கல்சியமும் பொசுபேற்றும் கட்டிய சட்டத்துக்குள் வரிசையாக ஐதரொட்சில்கள். புளோரைட்டு சிறிதளவு அந்த இடங்களில் சேர்ந்தால் பளிங்கு அமிலத்தில் கரைவது குறைகிறது, பற்சூத்தை குறைகிறது. பற்பசையில் அதைச் சேர்ப்பதும் அதனால்தான். ஆனால் நிலையான பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில், ஏறத்தாழ எட்டு வயது வரை, குடிநீரில் அது மிகுந்திருந்தால் மிளிரி சரியாக முதிராமல் வெண்படலமும் பழுப்புக் கறையும் கொண்டு வெளிவரும். எத்தனை தடவை துலக்கினாலும் அது போகாது. ஏனெனில் அந்தக் குறை பல்லின் மேலே ஒட்டியதல்ல, பளிங்கு வளர்ந்த விதத்திலேயே உள்ளது. வகுப்பில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் பிள்ளைகளிடம் இதை நான் நேரடியாகவே சொல்வேன்: அது துப்புரவில்லாமையால் வந்ததல்ல.

தண்ணீரைக் கொதிக்கவைத்தால் புளோரைட்டு நீங்காது. நீர் ஆவியாவதால் செறிவு சற்றுக் கூடவே செய்யும். கிணற்று நீரை முதலில் பரிசோதிக்கக் கொடுங்கள். அளவு கூடியிருந்தால் குழந்தைகளுக்கு மழைநீரையோ சுத்திகரித்த நீரையோ கொடுங்கள். புளோரைட்டை அகற்றப் பல நாடுகளில் எலும்புக்கரி நிரப்பிய வடிகட்டிகளையும் பயன்படுத்துகிறார்கள். எலும்பும் அப்பற்றைற்றுத்தான். நீர் அதன் ஊடே இறங்கும்போது புளோரைட்டு கரியிலுள்ள ஐதரொட்சிலின் இருக்கையைப் பிடிக்கிறது, ஐதரொட்சில் நீருக்குள் வெளியேறுகிறது. இருக்கைகள் நிரம்பியதும் வடிகட்டி வேலை செய்வது நின்றுவிடும். அப்போது கரியை மாற்ற வேண்டும்.